காட்டுக் கார்பன் திட்டங்களும் ஊர்மக்களின் பிழைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டை வெட்டாமல் வைத்திருந்தால் பணம் வரும், அந்தப் பணத்தில் ஊர் பிழைக்கும் என்று யாராவது வந்து சொன்னால் முதலில் சந்தேகம்தான் வரும். வரவும் வேண்டும். இந்த வகைத் திட்டம் ஓர் ஊரில் குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறது. இன்னோர் இடத்தில் ஊரையே எதிராளியாக்கி வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

காட்டுக் கார்பன் திட்டம் என்றால் என்ன?

மரம் வளரும்போது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துத் தண்டிலும் கிளையிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. அந்தக் காட்டை வெட்டி எரித்தால், சேர்த்ததெல்லாம் திரும்பக் காற்றுக்கே போய்விடும். அப்படிப் போகாமல் தடுத்ததற்கும், புதிதாக இழுத்துச் சேர்த்ததற்கும், ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு கிரெடிட் என்று கணக்குப் போட்டு விற்கிறார்கள். வாங்குபவை பெரும்பாலும் தாங்கள் விடும் புகைக்கு ஈடுகட்ட நினைக்கும் நிறுவனங்கள்.

இருக்கிற காட்டைக் காப்பது ஒரு வகை. அதைத்தான் ரெட் பிளஸ் என்கிறார்கள். 2005இல் பப்புவா நியூ கினியாவும் கோஸ்டா ரிகாவும் ஐ.நா. காலநிலை மாநாட்டில் முன்வைத்த யோசனை அது. 2013இல் வார்சா மாநாட்டில் அதற்கான விதிமுறைகள் ஒரு வடிவத்துக்கு வந்தன. சிதைந்த காட்டைத் தேற்றுவது, வெறும் நிலத்தில் மரம் நடுவது என்று மற்ற வகைகளும் உண்டு. ஊரின் அன்றாடத்தோடு அதிகம் உரசுவது முதல் வகைதான் என்பதால் பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

காட்டில் எத்தனை டன் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

காட்டுக்குள் போய் டேப் பிடித்துத்தான். செயற்கைக்கோள் படம் காட்டின் பரப்பைச் சொல்லும். மரத்தின் பருமனுக்குத் தரையில்தான் ஆள் நிற்க வேண்டும். காடு முழுவதையும் அளக்க முடியாது என்பதால் அங்கங்கே சில மாதிரித் துண்டுகளைக் குறித்துக்கொள்வார்கள். துண்டுக்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நெஞ்சு உயரத்தில், சுற்றி அளப்பார்கள். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கமாக நின்று அளக்க வேண்டும். அந்த உயரத்தில் முண்டு முடிச்சு இருந்தால் அதைத் தவிர்த்துக் கொஞ்சம் தள்ளி. அளந்த மரத்துக்கு ஓர் எண் தகடு. சில ஆண்டுகள் கழித்து வருபவர் அதே மரத்தை அதே இடத்தில் அளக்க வேண்டுமே!

பருமனையும் மரத்தின் இனத்தையும் வைத்து எடையைக் கணக்கிட சூத்திரங்கள் இருக்கின்றன. உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அதை 3.67ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு கணக்கு வந்துவிடும். ஆக, உலர்ந்த எடை 1 டன் உள்ள ஒரு மரம் சுமார் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலையை ஊர்க்காரர்களே செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். நேபாளத்தின் சமுதாயக் காடுகளில் உறுப்பினர்களுக்கே பயிற்சி கொடுத்து அளக்க விட்டார்கள். பட்டையைக் கீறிப் பார்த்து மரத்தின் பெயரைச் சொல்ல ஊர்க்காரரால்தான் முடியும். அளக்கத் தெரிந்தவருக்கு நாள்கூலி கிடைக்கிறது என்பது ஒரு பக்கம். நாளைக்கு யாராவது டன் கணக்கைக் காட்டும்போது ‘இந்தத் துண்டில் இத்தனை மரம் கிடையாதே’ என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் இருக்கிறார் என்பது, என் பார்வையில், கூலியைவிடப் பெரிய லாபம்.

எப்படியும் யாரும் வெட்டப்போவதில்லை என்கிற காட்டுக்கும் பணம் உண்டா?

விதிப்படி கிடையாது. திட்டம் இல்லாவிட்டால் இந்தக் காட்டில் எவ்வளவு அழிந்திருக்கும் என்று ஓர் அனுமானம் போடுவார்கள். உண்மையில் அழிந்தது அதைவிடக் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசத்துக்குத்தான் கிரெடிட்.

இதில் ஒரு கசப்பு உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காட்டைக் கண்போல் காத்த ஊருக்கு அழிவு அபாயம் குறைவு, அதனால் கிரெடிட்டும் குறைவு. கோடரிச் சத்தம் கேட்கும் ஊருக்கு அதிகம். நல்ல பிள்ளைக்குப் பரிசில்லாத கணக்கு என்று இதைக் குறை சொல்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சரி, ஊருக்கு எவ்வளவு வரும்?

ஒரு சின்னத் திட்டத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். கென்யாவின் தென்கரையில் காசி விரிகுடா என்று ஓரிடம். அங்கே மிக்கோக்கோ பமோஜா என்ற அலையாத்திக் காட்டுத் திட்டம் நடக்கிறது. ‘அலையாத்தியோடு சேர்ந்து’ என்பது போல சுவாஹிலியில் பொருள். பரப்பு 117 ஹெக்டேர்தான். 2013இலிருந்து பிளான் விவோ என்ற தரச்சான்றின் கீழ் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 டன் கிரெடிட் தருகிறது. காசி, மக்கொங்கேனி என்ற இரண்டு ஊர்கள், சில ஆயிரம் பேர்.

ஒரு பேச்சுக்கு டன்னுக்கு 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 30,000 டாலர். ஊரில் 5,000 பேர் என்று வைத்து வகுத்தால் தலைக்கு 6 டாலர். அதுவும் நிர்வாகச் செலவைக் கழிப்பதற்கு முன்னால். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் இது எந்த மூலைக்கு?

அந்த ஊர்கள் இதைப் புரிந்துகொண்டுதான் பணத்தைப் பிரித்துக் கொடுக்கவில்லை. கூடிப் பேசி, குடிநீர்க் குழாய்க்கும் பள்ளிப் புத்தகங்களுக்கும் செலவிட்டார்கள். தலைக்கு 6 டாலர் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். மொத்தமாகப் போட்டால் தண்ணீருக்கு நடக்கும் நேரம் பல ஆண்டுகளுக்கு மிச்சம். அப்புறம், அலையாத்தி நின்றால் அதன் வேர்களுக்கிடையே மீன்குஞ்சும் நண்டும் இறாலும் வளரும். கரையோர ஊருக்கு அதன் மதிப்பு கிரெடிட் கணக்கில் வராது. காசியில் பெண்கள் குழு ஒன்று அலையாத்திக்குள் மரப்பலகை நடைபாதை போட்டு, பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. இதுவும் கார்பன் கணக்கில் இல்லாத வருமானம்தான்.

லட்சக்கணக்கான ஹெக்டேர் உள்ள திட்டங்களில் தொகை பெரிதாகத் தெரியும். அங்கே ஆட்களும் அதிகம், நடுவில் நிற்பவர்களும் அதிகம். ஆகவே ‘கார்பன் பணத்தில் குடும்பம் நடத்தலாம்’ என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

விற்ற பணம் ஊருக்கு வந்து சேரும் வழியில் யார் யார் எடுக்கிறார்கள்?

திட்டத்தை வடிவமைத்தவர், டன் கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கையாளர், கிரெடிட்டைப் பதிவு செய்யும் அமைப்பு, விற்றுக் கொடுக்கும் தரகர், அரசு. எல்லோருக்கும் போக மீதி ஊருக்கு. முதல் கிரெடிட் கைக்கு வருமுன்னே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை ஆகும் செலவுக்கு யாரோ முன்பணம் போடுகிறார்கள். பின்னால் பங்கு கேட்கும்போது அவர்கள் குரல்தான் ஓங்கும்.

சில இடங்களில் இதற்கு விதி உண்டு. பிளான் விவோ சான்று பெற்ற திட்டங்கள் விற்பனை வருமானத்தில் குறைந்தது 60 சதவீதத்தைப் பங்கேற்கும் மக்களுக்குச் சேர்க்க வேண்டும். கென்யா 2023இல் தன் காலநிலைச் சட்டத்தைத் திருத்தி, நிலம் சார்ந்த திட்டங்கள் முந்தைய ஆண்டு வருமானத்தில் செலவு போகக் குறைந்தது 40 சதவீதத்தை ஊருக்குத் தர வேண்டும் என்றது. இதில் ‘செலவு போக’ என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். செலவுக் கணக்கை எழுதுபவர் கையில்தான் அந்த 40 சதவீதத்தின் கனம் இருக்கிறது. மொத்த விற்பனையில் பங்கு என்று எழுதுவது ஊருக்குப் பாதுகாப்பானது, சதவீதம் சற்றுக் குறைந்தாலும்கூட.

வேலை கிடைக்குமா?

கிடைக்கும். பல இடங்களில் ஊர் முதலில் உணரும் பலனே அதுதான். ரோந்து போகும் காவலர்கள், நாற்றங்கால் வேலை, மரம் அளப்பது, தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, கணக்கு எழுதுவது. மழை பொய்த்தாலும் மாதச் சம்பளம் வரும் ஒரு வீடு, அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்குக் கடன் கொடுக்கும் வீடாகவும் ஆகிவிடும்.

கென்யாவின் கசிகாவ் வழித்தடத் திட்டம் இதற்கு அதிகம் சொல்லப்படும் உதாரணம். சாவோ கிழக்கு, சாவோ மேற்கு என்ற இரண்டு தேசியப் பூங்காக்களுக்கு நடுவே சுமார் 2 லட்சம் ஹெக்டேர் வறண்ட காடு. 2011இல், பிளான் விவோ போலவே கிரெடிட்டுகளுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பின் தரச்சான்றின் கீழ் ரெட் பிளஸ் கிரெடிட் பெற்ற முதல் திட்டம் இதுவே. உள்ளூர் ஆட்களைக் காவலர்களாக எடுத்தது, துணி தைக்கும் ஆலை ஒன்றை நடத்தியது, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தது.

இதே திட்டத்தில் பெண் ஊழியர்களுக்கு மேலதிகாரிகள் சிலரால் பாலியல் தொல்லை நடந்ததாக 2023இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு அமைப்பும் கென்ய மனித உரிமை அமைப்பு ஒன்றும் அறிக்கை வெளியிட்டன. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு வேலையே இல்லாத இடத்தில், வேலை கொடுப்பவர் கை எவ்வளவு ஓங்கும் என்பதற்கு இதுவும் உதாரணம். புகார் சொல்ல மேலதிகாரிக்கு வெளியே ஓர் இடம் இருக்கிறதா என்பது சம்பளம் எவ்வளவு என்பதற்குச் சமமான கேள்வி.

விறகுக்கும் மேய்ச்சலுக்கும் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத திட்டம் எதுவும் நிற்காது. காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குக் காடு என்பது அடுப்பு, மாட்டுக்குத் தீவனம், கூரைக்குக் கழி, கைச்செலவுக்கு ஒரு மூட்டைக் கரி. ‘உள்ளே வராதே’ என்று ஒரு பலகை வைத்தால் இதெல்லாம் ஒரே நாளில் நிற்காது. இரவுக்கு மாறும், இல்லையென்றால் அடுத்த காட்டுக்கு நகரும். அப்படி நகர்வதைக் கணக்கில் கழிக்க வேண்டும் என்றே விதி இருக்கிறது.

மேகாலயாவின் காசி மலையில் நடந்ததைப் பார்க்கலாம். (கென்யாவின் காசி விரிகுடா வேறு, இது வேறு.) கிழக்கு காசி மலை மாவட்டத்தில் உமியம் ஆற்றின் மேல்பகுதியில் 10 ஹிமாக்கள், அதாவது காசி மக்களின் பாரம்பரிய ஆட்சிப் பகுதிகள், ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்தன. 62 கிராமங்கள், சுமார் 27,000 ஹெக்டேர். பிளான் விவோவின் கீழ் இந்தியாவில் வந்த முதல் சமுதாய ரெட் பிளஸ் திட்டம். காடு ஏன் குறைகிறது என்று அவர்களே உட்கார்ந்து பட்டியல் போட்டபோது காட்டுத்தீ, விறகு, கரி சுடுவது, கல் குவாரி, மேய்ச்சல் என்று வந்தது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய பிழைப்பு. தடை போட்டால் போதும் என்று விட்டுவிடவில்லை. விறகு குறைவாகத் தின்னும் அடுப்பு, எரிவாயு, மேயும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பதிலாகக் கொட்டிலில் வளரும் பன்றியும் கோழியும், இதற்கெல்லாம் கடன் கொடுக்கச் சுய உதவிக் குழுக்கள் என்று மாற்றுகளைப் பட்டியலுக்கு எதிரே எழுதினார்கள்.

வறண்ட மாதங்களில் புல் காய்ந்து கிடக்கும்போது காட்டோரமாக ஒரு பட்டை நிலத்தைச் செதுக்கிச் சுத்தமாக வைப்பார்கள். தீ வந்தால் அந்தப் பட்டையைத் தாண்டாது. கோடு வெட்டவும் தீ பார்க்கவும் ஊர் ஆட்களுக்கே கூலி. தீயில்லாமல் இரண்டு மூன்று பருவம் கடந்துவிட்டால், புல்லுக்கடியில் அடங்கிக் கிடந்த கன்றுகள் தாமாகவே தலைதூக்கும். களையை விலக்கிவிட்டாலே போதும், நட வேண்டியதே இல்லை. காசிகளுக்கு இதில் ஓர் அடித்தளம் முன்பே இருந்தது. மாவ்பிளாங்கின் புனிதக் காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட வெளியே எடுத்துப் போகக் கூடாது என்ற வழக்கம் எந்த கார்பன் சந்தைக்கும் மூத்தது.

மிக்கோக்கோ பமோஜாவிலும் இதே கவனம் உண்டு. அலையாத்தியை வெட்டாதே என்றதோடு, வீட்டுக் கழிகளுக்கும் விறகுக்குமாகக் கரையில் சவுக்கு நட்டார்கள். சவுக்கு வளர்வதற்குள் வீடு கட்ட வேண்டியவர் என்ன செய்வார் என்பது மட்டும் எல்லாத் திட்டங்களிலும் இருக்கும் இடைவெளி. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் ஊருக்கு மிகவும் கடினமான காலம். பழையது போயிருக்கும், புதியது வந்திருக்காது. அந்தக் காலத்துக்கென்று தனியே பணம் ஒதுக்காத திட்டத்தை நான் நம்பமாட்டேன்.

விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது?

நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லாமல், இருக்கும் நிலத்திலேயே அதிகம் எடுக்க உதவுவதுதான் நடைமுறையில் பலன் தந்திருக்கிறது. பெருவில் ஆல்டோ மாயோ காப்புக்காட்டுக்குள் காப்பி பயிரிடும் குடும்பங்கள் ஏராளமாகக் குடியேறியிருந்தன. மண் சலித்ததும் அடுத்த துண்டுக் காட்டை வெட்டுவது வழக்கம். அங்கே குடும்பங்களோடு ஆண்டுதோறும் ஒப்பந்தம் போட்டார்கள். புதிதாக வெட்டமாட்டோம் என்று குடும்பம் சொல்லும். பதிலுக்கு நல்ல நாற்று, இயற்கை உரம் தயாரிக்கப் பயிற்சி, நிழலில் காப்பி வளர்க்கும் முறை, விற்பதற்கு ஒரு கூட்டுறவு. எல்லோரும் சேரவில்லை, சேராதவர்களோடு சண்டையும் நடந்தது.

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் 1997இல் தொடங்கிய ஸ்கோலெல் தே திட்டம் வேறு மாதிரி. சிறு விவசாயிகள் தங்கள் வயலோரத்திலும் காப்பித் தோட்டத்திலும் எந்த மரத்தை எங்கே வைப்பது என்று தாங்களே படம் வரைந்து கொடுப்பார்கள். மரம் வளர வளரத் தவணையாகப் பணம். பிளான் விவோ என்ற சான்றே இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான்.

வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்பவர்களுக்கு?

அவர்களுக்குத்தான் இது மிக இயல்பாகப் பொருந்துகிறது. காடு நின்றால் தேன், கிழங்கு, வேட்டை எல்லாம் நிற்கும். தான்சானியாவின் யாயெடா பள்ளத்தாக்கில் வாழும் ஹட்ஸா மக்கள் வேட்டையாடிச் சேகரித்து வாழ்பவர்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் காட்டை எரித்துப் பயிர் செய்யத் தொடங்கியதால் அவர்கள் நிலம் சுருங்கிக்கொண்டே வந்தது. 2011இல் அவர்களுக்குச் சமூகமாக நிலத்தின் மீது வழக்காற்று உரிமைச் சான்று கிடைத்தது. கார்பன் வருமானம் வந்த பிறகு சொந்த ஆட்களையே ரோந்துக் காவலர்களாக வைத்தார்கள், மருத்துவத்துக்கும் மேல்படிப்புக்கும் செலவழித்தார்கள்.

வரிசையைப் பாருங்கள். நில உரிமை முதலில், கார்பன் பிறகு.

நிலம் ஊரின் பேரில் இல்லாவிட்டால்?

அப்போது கிரெடிட்டும் ஊருடையதல்ல. நில ஆவணத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். காடு அரசுடையது என்றால் அரசும் ஒரு நிறுவனமும் பேசி முடித்துவிடலாம். காட்டுக்குள் இருக்கும் ஊர் ‘பயனாளி’ ஆகிவிடும். கொடுத்தால் வாங்கிக்கொள்பவர் என்று அதற்குப் பொருள்.

கம்போடியாவின் தெற்கு ஏலமலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாழும் சோங் பழங்குடியினரைக் கலந்து பேசாமலே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேலைகள் நடந்தன என்றும், வழக்கமாகப் பயிர் செய்த இடத்தில் பயிர் செய்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள் என்றும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2024 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. திட்டத்தை நடத்துபவர்கள் மறுத்தார்கள். 2023 ஜூனில் கிரெடிட் வழங்குவதை நிறுத்தியிருந்த வெர்ரா, 2024 செப்டம்பரில் மீண்டும் அனுமதித்தது. இந்தத் திட்டமும் பள்ளி, கிணறு என்று செய்து கொடுத்ததாகத்தான் சொல்லிக்கொண்டது. கிணறு வெட்டிக் கொடுத்தவர் வயலுக்குள் விடமாட்டேன் என்றால், அதைப் பிழைப்புக்கு உதவி என்று எப்படிச் சொல்வது?

ஊரின் சம்மதம் கேட்பது கட்டாயமா?

பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா.வின் 2007 பிரகடனம், வேலை தொடங்கும் முன்பே, நெருக்கடி இல்லாமல், முழு விவரம் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. 2010இல் கான்குன் மாநாட்டில் ரெட் பிளஸுக்கு வகுத்த பாதுகாப்பு விதிகளும் உள்ளூர் மக்களின் உரிமையை மதிக்கவும் அவர்களை முழுமையாகப் பங்கேற்க வைக்கவும் சொல்கின்றன. ஆனால் ஊர்க் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தே சம்மதக் கையெழுத்தாக மாறும் அபாயம் எப்போதும் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் சேர்ந்ததுதான் சம்மதம். ஒரே கூட்டத்தில் முடிந்துபோன சம்மதத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளமாட்டேன்.

பெண்களுக்கும் ஏழைகளுக்கும் பங்கு போய்ச் சேருகிறதா?

தானாகப் போய்ச் சேராது, எழுதி வைத்தால்தான் சேரும். விறகு பொறுக்கப் போவது பெரும்பாலும் பெண்கள். கமிட்டியில் உட்கார்வது பெரும்பாலும் ஆண்கள். காட்டுக்குள் போகாதே என்ற முடிவை எடுப்பவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர்.

நேபாளத்தில் டோலகா, கோர்க்கா, சித்வன் மாவட்டங்களில் நார்வே உதவியோடு நடந்த முன்னோட்டத் திட்டத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சமுதாயக் காட்டுக் குழுக்களுக்குத் தரும் தொகையில் 40 சதவீதத்தை மட்டும் கார்பன் அளவை வைத்துக் கணக்கிட்டார்கள். மீதி 60 சதவீதத்தை அந்தக் குழுவில் எத்தனை ஏழைக் குடும்பங்கள், தலித்துகள், பழங்குடியினர், பெண்கள் இருக்கிறார்கள் என்பதை வைத்து. சிறிய காடும் அதிக ஏழைகளும் உள்ள குழு இதனால் பின்தங்கவில்லை. இந்த யோசனை ஏன் பரவலாகவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மரம் நட்டால் மட்டும் போதாதா?

போதாது. நின்ற காட்டில் இருக்கும் கார்பனை எட்ட நாற்றுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். மேய்ச்சல் நிலத்தில் ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டால் ஆடு மாடு வைத்திருப்பவருக்குத்தான் நஷ்டம்.

காடு எரிந்துபோனால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். ஒவ்வொரு முறை கிரெடிட் வழங்கும்போதும் ஒரு பகுதியை, அபாயத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் வரை, விற்காமல் ஒரு பொதுக் கையிருப்பில் போட்டு வைப்பார்கள். தீயோ புயலோ வந்தால் அதிலிருந்து ஈடுகட்டுவார்கள். ஆனால் அடுத்த கிரெடிட் வராது, வருமானம் நிற்கும். ஒப்பந்தத்தில் ஊரே பொறுப்பு என்று ஏதாவது வரி ஒளிந்திருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது நல்லது.

தீயைவிடப் பெரிய அபாயம் வெளி ஆட்கள். பிரேசிலின் சுருயி மக்கள் தாங்களே முன்னின்று நடத்திய கார்பன் திட்டத்திலிருந்து 2013இல் நதுரா என்ற அழகுசாதன நிறுவனம் 1,20,000 டன் கிரெடிட் வாங்கியது. உலகமே பாராட்டியது. பிறகு சட்டவிரோத மரவெட்டும் சுரங்கமும் உள்ளே புகுந்தன. மரவியாபாரி நீட்டும் ரொக்கம் இன்றைக்கே கையில், கார்பன் பணமோ தணிக்கை முடிந்த பிறகு. 2018இல் திட்டம் நின்றுபோனது.

பல கிரெடிட்டுகள் வெற்று என்று செய்தி வந்ததே?

வந்தது. 2023 ஜனவரியில் கார்டியன் உள்ளிட்ட பத்திரிகைகள், வெர்ரா சான்றளித்த மழைக்காட்டு கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்று எழுதின. வெர்ரா அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு சயன்ஸ் இதழில் 6 நாடுகளின் 26 திட்டங்களைப் பார்த்த ஆய்வும், பெரும்பாலானவை சொன்ன அளவுக்குக் காடழிவைக் குறைக்கவில்லை என்றது. பிரச்சினையின் வேர் மேலே சொன்ன அனுமானத்தில்தான் இருக்கிறது. ‘இவ்வளவு அழிந்திருக்கும்’ என்று மிகைப்படுத்தினால் கிரெடிட் கூடும். அந்த அனுமானத்தைத் திட்டக்காரரே போட்டுக்கொள்ளும் முறையை மாற்றும் புதிய விதியை வெர்ரா 2023 நவம்பரில் வெளியிட்டது.

இதன் அடி ஊரில் எப்படி விழும் என்பதைச் செய்திகள் அதிகம் பேசவில்லை. மிகைப்படுத்தியது தொலைதூர அலுவலகம். வாங்குபவர்கள் பின்வாங்கி விலை விழும்போது சம்பளம் நிற்பது ரோந்துக் காவலருக்கு. ஜிம்பாப்வேயின் பெரிய கரிபா திட்டத்திலிருந்து அதன் கிரெடிட்டுகளை விற்றுவந்த சவுத் போல் நிறுவனம் 2023 அக்டோபரில் விலகிக்கொண்டது. நிறுவனம் விலகலாம், ஊர் எங்கே விலகும்?

எங்கள் ஊருக்கு ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் என்ன கேட்க வேண்டும்?

ஒப்பந்தத்தை எங்கள் மொழியில் எழுதிக் கொடுங்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். எத்தனை ஆண்டு? 30, 40 ஆண்டு என்று இருக்கும். இன்று கையெழுத்திடுபவரின் பேரப்பிள்ளையையும் அது கட்டும். இடையில் வெளியேற வழி உண்டா, வெளியேறினால் அபராதம் உண்டா? பங்கு மொத்த விற்பனையிலா, செலவு போகவா? என்ன விலைக்கு விற்றீர்கள் என்ற ரசீதை ஊர்க் கூட்டத்தில் காட்டுவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அதோடு, காட்டில் இன்று நீங்கள் செய்வதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். விறகு, தேன், மேய்ச்சல், மருந்துவேர், குலதெய்வக் கோவிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘தொடரும்’, ‘குறையும்’, ‘நிற்கும்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘நிற்கும்’ என்று எழுதியவற்றுக்குப் பதிலாக என்ன, எந்த மாதத்திலிருந்து என்றும் எழுதட்டும். அந்தத் தாளையும் ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தைத்து, ஒரு பிரதியை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.